பதினோரு வாகை மரங்களும் என் சிவப்புப் பெயிண்டும்

எங்கள் வீட்டில் எதையும் செத்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று நான் சொன்னால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. கிரைண்டர் மோட்டார் காலி என்றால் என் மகன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சுரண்டிப் பாத்தியளாப்பா?" என்று கேட்பான். ஒருமுறை தொட்டியில் வண்ண மீன் ஒன்று மல்லாந்து கிடந்தது. நான் சொன்ன ஒரே காரணத்துக்காக அன்று சாயங்காலம் வரை அதற்கு வேளாவேளைக்குத் தீனி போட்டார்கள். (மீன் உண்மையாகவே செத்துத்தான் போயிருந்தது. என் பக்கம் நியாயம் இருந்த ஒரே சந்தர்ப்பம் அது.)

இத்தனைக்கும் நான் தாவரவியல் பட்டதாரி. எதற்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று அரசாங்கமே என்னிடம் கேட்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் மொத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

எழுபதுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, முதல் வகுப்பில் பாஸ் செய்து, சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்திருந்தேன். அப்பாவுக்குச் சந்தைப் பக்கம் நூல் கடை. எங்கள் குடும்பம் தறியை விட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டதில் அப்பாவுக்கு ஒரு பெருமை, மகன் பி.எஸ்ஸி. என்பதில் இன்னொரு பெருமை. கடைக்கு நூல் வாங்க வருகிறவர்களிடம், "பையன் செடிகொடிக்குப் படிச்சிருக்கான்" என்பார். கேட்டவர்கள் பரிதாபமாக என்னைப் பார்ப்பார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வேன்.

உண்மையைச் சொன்னால், அதுவரை நான் ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த இலைகள் எல்லாம் கல்லூரியில் அட்டையில் ஒட்டி, காயவைத்து, அடியில் லத்தீன் பெயர் எழுதப்பட்டவை. அந்தப் பெயர்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அப்போதுதான் ஊரில் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை ஒன்று வந்தது. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். தப்பு முழுக்க என்னுடையது. பாவம், ஆபீஸைச் சந்திக்கு இழுப்பானேன்.) முந்தின ஆடிக் காற்றில் பட்ட மரம் ஒன்று சாய்ந்து, ஒரு சைக்கிள் கடையின் கூரையைத் தரையில் படுக்க வைத்திருந்தது. அதனால் மேலே இருந்து உத்தரவு: ஊரில் உள்ள பொது மரங்களை எல்லாம் எண்ண வேண்டும். உயிரோடு இருக்கும் மரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர். பட்டுப்போன மரத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்த மரத்தை அடுத்த காற்றுக் காலத்துக்குள் வெட்டிவிடுவார்கள். எது உயிரோடு இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் நான்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஓவர்சியர். ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதைப் போல நடந்துகொள்ளும் மனிதர். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒழுங்கா முடிச்சேன்னா பெர்மனன்ட்டுக்கு எழுதுதேன்" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே போய் ஒரு டெரிலின் பேண்ட் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

பெயிண்ட் டின்களையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தவர் மாடசாமி அண்ணாச்சி. ஐம்பது வயது. அந்த ஆபீஸில் மரங்களுக்குத் தண்ணீர் விடுவதும் முள் வேலி கட்டுவதும் அவர் வேலை. ஊரில் பாதி மரத்தை ஆட்டு வாயிலிருந்து காப்பாற்றியவர் அவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவரை நான் டின் தூக்குகிறவர் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

ரிஜிஸ்தரில் 'பொது மரங்கள்' என்று போட்டிருந்தது. தெருவில் இறங்கிப் பார்த்தால் அப்படி ஒரு மரம்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வேம்பு, அதில் கண்ணாடி மாட்டி முடி வெட்டுகிறவருக்குச் சொந்தம். டீக்கடை முன்னால் நின்ற புங்கமரம் கிளாஸ் கழுவுகிற தண்ணீரிலேயே வளர்ந்து, கடைக்காரரைவிடத் தொந்தியாக இருந்தது. ஸ்டேஷன் ரோட்டுப் பூவரசு ஒரு ஜட்காக்காரருடையது. மரத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் குதிரைக்கு விடுவார். யாரும் யாரிடமும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை, எழுதியும் வைத்ததில்லை. அடுத்தவர் மரத்தில் ஓர் ஆணி அடித்துப் பார்த்தால் தெரியும்.

நம்பர் போடப் போனால் அவரவருக்கு ஒரு வழக்கு. டீக்கடைக்காரர் எட்டாம் நம்பர் வேண்டவே வேண்டாம் என்றார். புது பாய்லர் வாங்கியிருக்கிறாராம், அந்த நேரத்தில் வாசலில் எட்டு நிற்கக் கூடாதாம். கடைசியில் அந்தப் புங்கமரம் அரசாங்கக் கணக்கில் 7ஏ ஆனது. எதிர்ச் சாரி வேப்பமரத்தடியில் இடியாப்பம் விற்கிற ஓர் அம்மாள், நம்பர் போட்டால் வெட்டிவிடுவார்களோ என்று பயந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நம்பர் போட்டால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், யாரும் தொட முடியாது என்று விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு முழங்கையை நீட்டி, "அப்பம் எனக்கும் ஒண்ணு போட்டு விடுய்யா" என்றாள்.

எனக்கு ஒரே உற்சாகம். என் கையெழுத்து ஊர் முழுக்க ஆள் உயரத்தில் நின்றது. சாயங்காலம் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போய், "அந்த மூணு நான் போட்டது, சுழி எப்படி வந்திருக்கு பாரு" என்று காட்டுவேன். அவர்களும் பார்த்தார்கள். வேறு பொழுதுபோக்கு என்ன இருந்தது?

இரண்டாவது வாரம் பாவடித் தெருவுக்குப் போனோம். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். அதைத் தெரு நீளத்துக்கு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பெரிய பிரஷ்ஷால் நீவிக் காயவைப்பார்கள். ஊரில் விசைத்தறிச் சத்தம் எட்டுத் திக்கும் கேட்கத் தொடங்கிவிட்ட பிறகும், அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவின் ஒரு சாரியில் வரிசையாகப் பதினோரு வாகை மரங்கள். வீட்டுக்கு ஒன்று என்று பார்த்துக்கொண்டார்கள். மிஞ்சுகிற கஞ்சித் தண்ணீர் முழுவதும் மரத்து மூட்டில், அதாவது வேரடியில்தான்.

இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. நாங்கள் போன அன்று மாசி அமாவாசை. அமாவாசை என்றால் நெசவாளர்களுக்கு லீவு. தறி ஓடாது, பாவு நீட்ட மாட்டார்கள், ஆட்கள் கோவிலுக்கோ சினிமாவுக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ போய்விடுவார்கள். நூல் கடைக்காரர் மகன் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அமாவாசைக்கு அப்பாவும் மத்தியானமே கடையை மூடிவிடுவார். ஆனால் அன்று என் மூளையும் லீவில் இருந்தது.

தெருவில் ஈ காக்கை இல்லை. பதினோரு மரங்களிலும் ஓர் இலை இல்லை. பழுப்பு நிறத்தில் தட்டை தட்டையாகக் காய்ந்த காய்கள் மட்டும் காற்றில் கலகலத்துக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. துக்கத்தால் அல்ல. பட்ட மரம் அதுவரை ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. இங்கே ஒரே இடத்தில் பதினொன்று. சிவப்பு டின் காலியாகாமலே காய்ந்துவிடுமோ என்ற கவலை அன்றோடு தீர்ந்தது.

மாடசாமி அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "தம்பி, இது வாகைமரம்லா."

"தெரியும் அண்ணாச்சி. அல்பிசியா லெப்பெக்" என்றேன். பெயரில் ஓர் எழுத்துப் பிசகில்லை.

"அதுக்கில்ல. மாசியில இது இப்படித்தான்..."

நான் அவரை முடிக்க விடவில்லை. "அண்ணாச்சி, மரம் இலையாலதான் சாப்பாடு செய்யுது. இலை இல்லைன்னா சாப்பாடு இல்லை. மூணு மாசம் சாப்பிடலைன்னா நீங்க இருப்பியளா?"

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு டின்னைத் திறந்து கொடுத்தார்.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதைப் போல ஒவ்வொரு மரத்தையும் இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டி என்ன தெரிந்துகொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு பளபளவென்று ஆளுக்கொரு பெருக்கல் குறி. அரை மணி நேரத்தில் பதினோரு உயிர்களுக்கும் சாவு எழுதி முடித்தேன். பசியாக இருந்தது, போகிற வழியில் வடை சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தெருவில் காய்ந்து கிடந்த கஞ்சித் தடத்தை நான் பார்த்திருந்தேன் அல்லவா, என் விஞ்ஞான மூளை உடனே வேலை செய்தது. 'தெருவாசிகள் நாள்தோறும் கஞ்சித் தண்ணீரை வேரில் ஊற்றியமையால் ஏற்பட்ட வேரழுகல்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதாவது, மரங்களைக் கொன்றதோடு நிற்காமல் அவற்றை வளர்த்தவர்கள் மேலேயே கொலைப் பழியும் போட்டுவிட்டேன்.

ஓவர்சியர் அதைப் படித்துவிட்டு, "பேஷ்" என்றார். ஆபீஸில் யாரும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. விறகுக் கடைக்காரர் ஒருவருக்கு மறுநாளே ஆள் போயிற்று. அதற்கு அடுத்த நாள் காலையில் வெட்டு. பெர்மனன்ட் உறுதி என்று அன்று வீட்டில் அம்மா கேசரி கிண்டினாள்.

அந்த மறுநாளில் பாவடித் தெருவில் என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. மலேரியாக்காரர்கள் மருந்தடித்துவிட்டு ஏதோ குறி போட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள். (அந்தக் காலத்தில் மலேரியா ஆட்கள் எதன் மேலும் எதையும் எழுதுவார்கள்.)

வெட்டு நாள் காலையில் புது டெரிலின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, ஜம்மென்று போய் இறங்கினேன். விறகுக் கடைக்காரர் இரண்டு மாட்டு வண்டிகளோடும், கோடாலிக்காரர்கள் நாலு பேரோடும் வந்திருந்தார். ஓவர்சியர் சைக்கிளில் சாய்ந்து நின்றார். தெருவில் அன்று பாவு நீட்டியிருந்தார்கள். கடைசி மரத்து அடியில் ஆரம்பித்து, தெருவில் பாதி நீளத்துக்கு, வெள்ளை நூல் கஞ்சி ஈரத்தோடு மினுமினுத்துக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் சொக்கலிங்கம் அண்ணாச்சி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே உறைந்து நின்றார். பதினோரு மரத்துக்கு முன்னாலும் பெண்கள் போய் நின்றுகொண்டார்கள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது.

"உயிருள்ள மரத்தை எதுக்கு வெட்டுதீய?" என்று கேட்டார் சொக்கலிங்கம் அண்ணாச்சி.

ஓவர்சியர் என்னைக் கைகாட்டி, "பி.எஸ்ஸி. பாட்டனி. விளக்கிச் சொல்லு" என்றார்.

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் மேடை. ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, வேர் எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது, இலை எப்படி உணவு தயாரிக்கிறது, கஞ்சி எப்படி வேரின் மூச்சை அடைக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். என் பேச்சில் எனக்கே மயக்கம். முன்வரிசையில் நின்ற ஓர் அம்மாள் மட்டும் மயங்கவில்லை. "கஞ்சி ஊத்துனா செத்துப்போகுமா? நாங்க எல்லாரும் கஞ்சி குடிச்சுத்தாம்லா இருக்கோம்" என்றாள். தெருவே சிரித்தது. நான் சிரிக்காமல் அடுத்த பாயிண்ட்டுக்குப் போனேன்.

அப்போதுதான் சொக்கலிங்கம் அண்ணாச்சியின் மகள் வந்தாள். பெயர் கோமதி. (எங்கள் ஊரில் தெருவில் நின்று கோமதி என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவாவது திறக்கும். அம்மன் பெயர்.) கையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தி இருந்தது. என்னைக் குத்த வருகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்லிலிருந்து இறங்கிவிட்டேன்.

"செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கியளே. சுரண்டிப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

"எதை?"

"மரத்தைத்தான்."

கத்தியை நீட்டினாள். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மரத்தில், என் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில், நகம் அளவுக்குப் பட்டையைச் சுரண்டினேன். மேலே காய்ந்த பழுப்பு. அதற்கு அடியில், பிஞ்சு வெண்டைக்காய் நிறத்தில், ஈரமாகப் பச்சை.

அந்த நொடியில் எனக்கு மரம் ஞாபகம் வரவில்லை. பெர்மனன்ட் வேலையும் கேசரியும்தான் ஞாபகம் வந்தன. "ஒண்ணு தப்பியிருக்கலாம்" என்றேன். இரண்டாவதைச் சுரண்டினேன். பச்சை. மூன்றாவது பச்சை. விறகுக் கடைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நல்லா ஆழமாச் சுரண்டும் தம்பி" என்றார். ஆழமாகச் சுரண்டினேன். ஆழமான பச்சை.

நாலாவது மரத்தில்தான் சொக்கலிங்கம் அண்ணாச்சி பின்னாலேயே நடந்தபடி, எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: மார்கழி, தையில் வெயில் தாழ்ந்து கிடக்கும், பாவு காயச் சூடு வேண்டும், அப்போது மரம் இலையைக் கொட்டிவிடும். சித்திரையில் வெயில் கொளுத்தும், நூல் சடசடவென்று காய்ந்தால் அறுந்துபோகும், அதற்குள் மரம் இலை விட்டுக் குடை பிடித்துவிடும். அதனால்தான் வேறு எந்த மரமும் வைக்காமல் இந்தத் தெருவில் வாகை வைத்தார்கள். மரம் போனால் கோடையில் பாவு இல்லை, பாவு இல்லாவிட்டால் தறி இல்லை. நான் அட்டையில் ஒட்டிப் படித்த மரம் இது. இந்த ஒரு வரி அந்த அட்டையில் இல்லை.

எனக்கு வெட்கம் வந்தது. முகம் சுட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாவது மரத்துக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன். பச்சை. ஆறாவது மரத்தில், இதுவும் உயிரோடு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே சுரண்டினேன். பச்சை. ஏழாவதில் நான்தான் முதலில் கத்தினேன். எட்டு, ஒன்பது, பத்து என்று தெரு மொத்தமும் என்னோடு ஓடிவந்து, நான் சுரண்டச் சுரண்டக் கூடவே சத்தம் போட்டது. என் ரிப்போர்ட் பொய் என்று நிரூபணமாக ஆக எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. ஓவர்சியர் பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் இருப்பதையே மறந்துவிட்டேன்.

பதினோராவது மரம் சொக்கலிங்கம் அண்ணாச்சி வீட்டு மரம். பாவின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருந்தார்கள். சுரண்டினேன். பழுப்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. மறுபக்கம் போய்ச் சுரண்டினேன். அங்கும் பொடி. முந்தின வருஷம் அதன் அடியில் யாரோ குப்பையைக் கொளுத்தி, பட்டை வெந்து போயிருந்ததாம். சத்தம் அடங்கிவிட்டது. விறகுக் கடைக்காரர், "ஒண்ணையாவது குடுங்க, வண்டி வாடகைக்காவது ஆகட்டும்" என்று ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் தலையாட்டினார். கோடாலிக்காரர் ஒருவர் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டார்.

நான் சொக்கலிங்கம் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளுடைய மரத்தை நான் கொல்லக் கூடாது என்று நினைத்தேன். வேறு எதுவும் யோசிக்கவில்லை. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டேன்.

இங்கே ஒரு சின்னத் தகவல். அதற்கு முன்னால் நான் எந்த மரத்திலும் ஏறியதில்லை. ஏறுகிற வழியிலேயே டெரிலின் பேண்ட் முன்னும் பின்னும் தனித்தனியாக முடிவெடுத்துப் பிரிந்தது. கீழே பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கவலைப்படவில்லை. ஓர் ஆளுக்கு மேல் இன்னோர் ஆள் நின்றால் வருகிற உயரத்தில், ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு படுத்தபடி, மெதுவாகச் சுரண்டினேன். பழுப்பு. கையை நீட்டி இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டினேன்.

பச்சை. நல்ல, ஈரமான, சந்தேகமே இல்லாத பச்சை.

சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அந்தக் கைகளில் ஒன்றால்தான் கிளையைப் பிடித்திருந்தேன் என்பது, கிளை என்னை விட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

விழுந்தது பாவின் மேல். தரையில் விழுந்திருந்தால் எலும்பு முறிந்திருக்கும். நூல் என்னைத் தாங்கிப் பார்த்தது, முடியவில்லை, படபடவென்று அறுந்து உள்ளே விட்டுவிட்டது. கஞ்சியும் நூலுமாக நான் சுருண்டு கிடந்தேன். வாய்க்குள் கஞ்சி. யாரோ, "ஆளு இருக்கானா?" என்று கேட்டார்கள். நான் உள்ளேயிருந்து, "பச்சை" என்றேன்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "பதினொண்ணையும் விட்ருங்க" என்று விறகுக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். இரண்டடி போய்த் திரும்பி, என்னிடம், "உன்னைப் பெர்மனன்ட்டா எழுதிருந்தா நான் பெர்மனன்ட்டாப் போயிருப்பேன்" என்றார். அவர் பேசிக் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

சொக்கலிங்கம் அண்ணாச்சி என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். அவர் அறுந்த பாவைக் கையால் அள்ளிப் பார்த்துவிட்டு, "மரம் நிக்கி. நூலை முடிஞ்சிரலாம்" என்றார். பிறகு தெருக்காரர்கள் கூடி எனக்கு இரண்டு தண்டனை விதித்தார்கள். முதலாவது, அறுந்த இழைகளை அவர்களோடு உட்கார்ந்து முடிய வேண்டும். இரண்டாவது, பதினோரு மரமும் தளிர் விடுகிற வரை தினமும் காலையில் வந்து, கொலைகாரன் என்று நான் எழுதிய அதே கஞ்சித் தண்ணீரை நானே மரத்து மூட்டில் ஊற்ற வேண்டும்.

சாயங்காலம் வரை முடிச்சுப் போட்டேன். யாரோ கொடுத்த சாரத்தை, அதாவது லுங்கியை, பேண்ட்டின் மேல் சுற்றியிருந்தேன். கஞ்சி காயக் காயச் சட்டை விறைத்துக்கொண்டது. கையை மடக்கினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. நான் போடுகிற ஒவ்வொரு முடிச்சையும் கோமதி வாங்கிப் பார்த்துவிட்டு அவிழ்த்தாள். "மாடு கட்டுத முடிச்சு போடாதிய, நூல்லா" என்று ஒரு தடவை சொன்னாள். ஐம்பதாவது முடிச்சோ என்னவோ, அதை மட்டும் அவிழ்க்காமல் விட்டாள். முதல் வகுப்பில் பாஸ் செய்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்குக் கஞ்சி வாளி. பெருக்கல் குறிகளுக்குக் கீழே வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் எழுதிவிட்டேன். சிவப்பைச் சுரண்டினால் பட்டை போய்விடும் என்பதால் அது அப்படியே இருந்தது. எனவே அந்த மரங்கள் ஊரிலேயே செத்தும் பிழைத்தும் இருக்கும் மரங்களாக நின்றன. மாடசாமி அண்ணாச்சியிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். அவர், "படிச்ச பிள்ளைக பேசுத நேரம் நாம பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன். தப்பு எம்பேர்லயும் இருக்கு" என்றார். அன்றைக்கு நான் முதல் முறையாக அவர் கையிலிருந்து டின்னை வாங்கி நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பங்குனி பிறந்து சில நாளில், கஞ்சி ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், ஆறாவது மரத்தின் கிளை நுனியில் கொத்தாகத் தளிர். அரிசி அளவுக்கு. நான் வாளியைப் போட்டுவிட்டுத் தெரு முழுக்க ஓடிக் கதவு கதவாகத் தட்டினேன். திருடன் வந்துவிட்டான் என்று சிலர் கட்டையோடு வந்தார்கள். கோமதி வாசலுக்கு வந்து, "என்ன?" என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. "தளிர் வந்துட்டு" என்றேன்.

"வாகைன்னா வரும்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பத்தே நாளில் பதினொன்றும் பச்சைப் பசேல் என்று ஆயின. குப்பை நெருப்பில் வெந்த மரம் ஒரு பக்கம் மட்டும் இலை விட்டது. அந்த ஒரு பக்க நிழலில் பாவு நீட்டினார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஆபீஸில் என்னை அனுப்பிவிட்டார்கள். பிறகு குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாரானேன். மூன்று வருஷம் கழித்து அப்பா எனக்குப் பெண் தேடியபோது, நூல் வாங்க வந்த சொக்கலிங்கம் அண்ணாச்சியிடம் பேச்சை எடுத்தார். "அந்தப் பெருக்கல் குறிப் பையனா?" என்று அவர் அரை மணி நேரம் சிரித்தாராம். முடிவைக் கோமதியிடம் விட்டுவிட்டார். அவள் சரி என்றாள். ஏன் சரி என்றாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் பதில் வந்தது. "தான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சதும் சந்தோசப்பட்டுக் கத்துன ஆளை நான் வேற எங்கனயும் பாத்ததில்ல."

அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் ஊருக்குச் சொல்லிவிட்டாள். பேண்ட் கிழிந்தது உட்பட. பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் 'சுரண்டிப் பாத்தியளா' என்பதுதான் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட உட்காரப் போகும்போது மயங்கி விழுந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் திரும்பி வந்தது காதுதான். கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் என் மகன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். நாற்பது வயதுப் பிள்ளை. நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைக்கிறேன், வாய் வரவில்லை. அப்போது என் முன்கையில் ஒரு நகம் மெதுவாகச் சுரண்டியது. கொஞ்சம் அழுத்திச் சுரண்டியது. வலித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"அழாதலே" என்றாள் கோமதி. "சுரண்டிப் பாத்துட்டேன். பச்சைதான்."